கேள்வி கேக்கக் கூடாத நெழலு

மொதல்ல கால நீட்டிப் படு. போர்வைய இழுத்து விட்டுக்க. ஃபேன இதுக்கு மேல கூட்ட மாட்டேன், காலைல உனக்கு மூக்கு ஒழுகுனா உங்கம்மா என்னையத்தான் பிடிச்சுத் திட்டுவா. அத்தை கதை சொல்லணும்னா நீ நடுவுல நடுவுல ‘ம்’ கொட்டணும். சத்தம் வரலைன்னா தூங்கிட்டேன்னு நெனச்சு நான் பாட்டுக்கு எந்திரிச்சுப் போயிருவேன், ஆமா.

ம்.

ஒரு ஊர்ல ஒரு குண்டு மரம் இருந்துச்சு. ஊரு எங்கன்னா, ராமநாதபுரத்துப் பக்கம், கடக்கரை ஓரமா. ஒரு பக்கம் கடலு, ஒரு பக்கம் உப்பளம், நடுவுல கருவேலங்காடு. கண்ணுக்கு எட்டுன தூரம் வெயிலு சுளீர் சுளீர்னு அடிக்கும். அந்த ஊர்ல நெழலுன்னு சொன்னா அந்த ஒரு மரத்து நெழலுதான்.

அது பொந்தன்புளி மரம். புளிய மரம் இல்ல, வேற. யானைத் தோலு மாதிரி பட்டை, இம்மாம் பெரிய வயிறு. ஊர்ப் பிள்ளைங்க எல்லாம் கையக் கோத்துக்கிட்டு நின்னாலும் சுத்தி வளைக்க முடியாது. வயித்துல ஒரு பொந்து. உள்ள போனா ஜிலுஜிலுன்னு இருக்கும், வவ்வாலு கீச்சு கீச்சுன்னு கத்தும். ராசா காலத்துல, குதிரை விக்கக் கப்பல்ல வந்தவங்க கொண்டாந்து போட்ட வெதையில மொளச்ச மரம்னு ஊர்ல சொல்லுவாங்க. இருந்தாலும் இருக்கும். நானா பாத்தேன்?

ம்.

அப்போ ஒரு தடவ அந்த ஊரு மேல சண்டை வந்துச்சு. ஒரு ராசாவோட படை, குதிரையில, டக்கு டக்கு டக்கு டக்குன்னு வருது. ஆம்பளைங்க எல்லாம் சண்டைக்குப் போயிட்டாங்க. பொம்பளைங்களும் பிள்ளைகளும் மட்டும்தான் ஊர்ல. எங்க ஓடுறது? காட்டுக்குள்ள ஓடலாம்னா முள்ளு. கடலுக்குள்ள போகலாம்னா ஒரு வள்ளம் கூட கரையில இல்ல. அப்புறம் எல்லாரும் திடுதிடுன்னு ஓடி அந்த மரத்துப் பொந்துக்குள்ள புகுந்துட்டாங்க. இண்டு இடுக்கு விடாம நெருக்கியடிச்சு நிக்கிறாங்க. ஒருத்திக்கு மட்டும் எடம் பத்தல. அவ என்ன செஞ்சா, பொந்து வாசலை முதுகால மறைச்சுக்கிட்டு வெளிய நின்னுட்டா.

படைத் தலைவன் வந்தான். குதிரைய நிறுத்துனான்.

“ஊர்ச்சனம் எல்லாம் எங்க?”ன்னு கேட்டான்.

அவ பேசல.

“நீ யாரு?”ன்னு கேட்டான்.

அவ பேசல.

அவன் வாள சர்ர்ர்ருனு உருவுனான். மூணாவது கேள்வி கேக்கறதுக்கு வாயத் தெறந்தான். ‘பொந்துக்குள்ள என்ன?’ அதுதான் கேள்வி. அப்போ பாத்து உள்ள ஒரு பச்சப் பிள்ள, “ங்ங்கா...”ன்னு அழுதுருச்சு.

குதிரை காதத் தூக்குச்சு. தலைவனுக்கும் கேட்டுச்சு. அவனுக்குக் கேட்டது அவளுக்கும் தெரிஞ்சு போச்சு. ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டே நிக்கிறாங்க.

அப்புறம் அவன் தெறந்த வாய மூடுனான். வாள உள்ள போட்டான். குதிரையத் திருப்பிக்கிட்டுப் போயிட்டான். டக்கு டக்கு, டக்கு டக்கு.

ஏன் அத்தை அவன் கேக்கல?

யாருக்குத் தெரியும்? அவன் வீட்டுலயும் ஒண்ணு தொட்டில்ல கெடந்து அழுதிருக்கும். ஆனா ஊர்க்காரங்க ஒண்ணு சொன்னாங்க, அவன் கேட்ட கேள்வியால நமக்கு ஒண்ணும் ஆகல, கேக்காம விட்ட கேள்வியாலதான் நாம உசுரோட இருக்கோம்னு. அன்னையிலருந்து அந்த ஊர்ல ஒரு கட்டு. அந்த மரத்து நெழலுக்குள்ள யாரும் யாரையும் எதுவும் கேக்கக் கூடாது. ஆடி மாசம் மரத்துல எலை தழைச்சு நெழலு நல்லா விழும் பாரு, அப்போ ஒரு நாளு ‘மரம் பாக்குற நாளு’. வெளியூருக்குப் பொழைக்கப் போனவங்க எல்லாம் அன்னைக்கு வந்துருவாங்க. கூழு காச்சி ஊத்துவாங்க. சிரிப்பாங்க, பேசுவாங்க, சண்டை கூட போடுவாங்க. கேள்வி மட்டும் கெடையாது.

‘தண்ணி வேணுமா?’ன்னு கேக்கக் கூடாது. ‘இந்தா தண்ணி இருக்கு’ன்னு சொல்லணும். ‘எப்ப வந்த?’ன்னு கேக்கக் கூடாது. ‘வந்துட்ட!’ அவ்வளவுதான். ‘ஏன் இன்னும் கல்யாணம் பண்ணல?’ன்னு கேக்கக் கூடாது. அந்த ஊர்ல பொறக்காம போயிட்டேனேன்னு எனக்கு அப்பப்போ வருத்தமா இருக்கும்.

வாய் தவறிக் கேட்டுட்டா? அம்புட்டு சனமும் கையத் தட்டி, “வெயிலுக்கு! வெயிலுக்கு!”ன்னு கத்தும். கேட்ட ஆளு எந்திரிச்சு நெழல விட்டு வெளிய போயிரணும். மறுவருசம் வரைக்கும் உள்ள கால் வைக்கக் கூடாது. ஒரு தடவ ஒரு வாத்தியாரு, பாவம், மணி என்னன்னு கேட்டுட்டு வெயிலுக்குப் போனாரு. கைக்கொழந்தைக்கு மட்டும்தான் விலக்கு. பேச்சு வந்துட்டா எல்லாருக்கும் ஒரே சட்டம்.

தூங்கிட்டியா?

ம்ஹும்.

சரி. ராசா காலமெல்லாம் போயி ரொம்பக் காலம் கழிச்சு, அந்த ஊர்ல கூரிச்சாமின்னு ஒருத்தரு இருந்தாரு. உப்பளத்துல காவக்காரரு. அவருக்கு வேலையே கேள்வி கேக்குறதுதான். யாரு வந்தாலும், “யாரு? எங்க போற? மூட்டையில என்ன?” இந்த மூணும் கேட்டாகணும். கேட்டுக் கேட்டு அவரு வாயே அப்படி ஆகிப்போச்சு. ஆடு குறுக்க போனாக் கூட, “ஏய், எங்க போற?”ம்பாரு. ஆடு “மே...”ன்னுட்டுப் போகும்.

அவருக்கு ஒரே மக. இருளாயின்னு பேரு. பொண்டாட்டி அந்தப் பிள்ள சின்னதா இருக்கையிலேயே தவறிப் போச்சு. கூரிச்சாமிதான் தலை சீவிவிட்டு, சோறு ஊட்டி, மடியில போட்டு வளத்தாரு. அம்புட்டு பிரியம். ஆனா அந்தப் பிரியம் கேள்வியாத்தான் வெளிய வரும். “எங்க போன? யாருகூட பேசுன? ஏன் சிரிச்ச? ஏன் சிரிக்கல?” காலைல எந்திரிச்சதுல இருந்து படுக்குற வரைக்கும். அது கோவம் இல்லடா. பயம். இருந்த ஒரு ஆளு போயிருச்சு, இதுவும் போயிருமோன்னு பயம். இருளாயிக்கு அது எப்படித் தெரியும்? கேள்வியா வந்தா அது கேள்விதானே.

ம்.

ஒரு நாளு இருளாயி டவுனுக்குப் போயிட்டு வரப் பொழுது சாஞ்சிருச்சு. ஊர்ப் பொம்பளைங்க எல்லாம் குடத்தோட தண்ணி லாரிக்கு நிக்கிறாங்க. இவளும் வீட்டுக்குப் போயி குடத்த எடுத்துக்கிட்டு வந்து நின்னா. அங்க வந்தாரு கூரிச்சாமி, விறுவிறுன்னு.

“எங்க போயிட்டு வார?”

அவ சொல்லல. இத்தனை பேருக்கு முன்னாடி கேட்டா யாரு சொல்லுவா?

“யாருகூடப் போன?”

அவ தலையக் குனிஞ்சுக்கிட்டா.

அப்போவாச்சும் விட்டிருக்கலாம்ல அந்த மனுசன்? விடல. “உன்னைய நம்பி நான் எப்படி வீட்டுல வச்சிருக்கிறது?”ன்னு கேட்டுட்டாரு. அந்த மூணாவது கேள்வி இருக்கு பாரு, அத வாயில இருந்து வர விட்டிருக்கவே கூடாது. இப்ப நெனச்சாலும் எனக்கு அந்த ஆள நாலு வார்த்தை கேக்கணும் போல இருக்கு.

இருளாயி குடத்த எறக்கி வச்சா. அழுகல. மறுநாளு விடியுறதுக்குள்ள வீட்டுல அவ இல்ல.

அப்புறம் வருசம் ஓடுச்சு. உப்பு ஏத்த வர்ற லாரிக்காரங்க கிட்ட எல்லாம் கூரிச்சாமி இப்போ வேற கேள்வி கேட்டாரு. “வர்ற வழியில எம்மகளப் பாத்தியாப்பா? நெத்தியில சின்னதா ஒரு தழும்பு இருக்கும், பாத்தியா?” யாரும் பாக்கல. மகளுக்கும் சேத்து அவரு பொங்குற சோத்துல பாதி, காக்காய்க்குத்தான் போகும்.

ம்.

அப்போ ஒரு வருசம், ஆடி பொறக்கறதுக்கு முன்னாடி, கருவாட்டுக் கூடையத் தூக்கிக்கிட்டு செபஸ்தியம்மா வந்தா. கரையோரமா ஊரு ஊராப் போயி கருவாடு விக்கிறவ. கூரிச்சாமி வீட்டு வாசல்ல கூடைய எறக்கி வச்சா.

“அண்ணே, ஒம் மகளப் பாத்தேன். தூத்துக்குடிப் பக்கம், ஒரு எறா கம்பெனியில எறா உரிக்கிறா.”

கூரிச்சாமிக்கு கையும் ஓடல காலும் ஓடல. “எப்படி இருக்கா? யாரு வீட்டுல இருக்கா? ஏன் வரல?”

“இதுக்குத்தான் அவ வரல. மரம் பாக்குற நாளைக்கு வாராளாம். வீட்டுக்கு வர மாட்டாளாம். ‘மரத்து நெழல்ல நின்னு அப்பாவ ஒரு தடவ பாத்துட்டுப் போயிருவேன், அங்கன்னா அப்பா ஒண்ணும் கேக்க மாட்டாருல்லக்கா’ன்னா.”

கூரிச்சாமி அப்படியே வாசப்படியில உக்காந்துட்டாரு. மக என்ன சொல்லிட்டா பாரு. அவரு மகளுக்கு அப்பாவப் பாக்கணும்னு ஆசை. ஆனா அப்பாவோட வாய்க்குப் பயம்.

அன்னையிலருந்து அவரு பழக ஆரம்பிச்சாரு. உப்பளத்துல யாரு வந்தாலும் வாய இறுக்கி மூடிக்குவாரு. தேங்கா மூட்டையோட ஒருத்தன் போறான், கேக்கல. சைக்கிள்ல ரெண்டு பேரு போறாங்க, கேக்கல. ஆடு போச்சு. “ஏய், எங்க...”ன்னு வந்துருச்சு, சட்டுன்னு வாயப் பொத்திக்கிட்டாரு. மொதலாளி கூப்பிட்டு, “என்னய்யா காவக் காக்குற, உப்பு மூட்டைய தூக்கிட்டுப் போனாலும் கேக்க மாட்ட போலிருக்கே?”ன்னாரு. அவரு அதுக்கும் தலைய மட்டும் ஆட்டுனாரு.

மரம் பாக்குற நாளு வந்துச்சு. மரத்து எலை சலசலங்குது. ஊரே நெழல்ல உக்காந்திருக்கு. மரத்துக்குப் பூசை வைக்கிற சாத்தையாப் பெரியவரு கூழு ஊத்திக்கிட்டிருக்காரு. கூரிச்சாமி வெள்ளை வேட்டி கட்டிக்கிட்டு, காலையில இருந்து பொந்து பக்கத்துலயே நிக்கிறாரு. மத்தியானம் ஆச்சு. ரோட்டுல பஸ்ஸு வந்து புஸ்ஸுனு நின்னுச்சு. அவ எறங்குனா.

ம்.

இருளாயி நெழலுக்குள்ள வந்தா. எளச்சுப் போயிருந்தா. எறா உரிச்சு உரிச்சு வெரலெல்லாம் வெந்து, வெடிச்சு, துணி சுத்தியிருந்தா. கூரிச்சாமி அந்தக் கையப் பாத்தாரு. ‘கைக்கு என்னாச்சு ஆத்தா?’ன்னு தொண்டை வரைக்கும் வந்துருச்சு. முழுங்கிட்டாரு. மடக்குன்னு.

“வந்துட்ட”ன்னாரு.

“வந்துட்டேன்பா.”

அப்புறம் பாத்தா, அவ சேலைக்குப் பின்னாடி இருந்து ஒரு சின்னப் பிள்ள எட்டிப் பாக்குது. ரெட்டைச் சடை, மூக்கு ஒழுகிக்கிட்டு. ஊர்ச்சனம் அம்புட்டும் அந்தப் பிள்ளையப் பாக்குது, அப்புறம் கூரிச்சாமியப் பாக்குது. யாரு பிள்ள? தகப்பன் யாரு? கல்யாணம் எப்ப நடந்துச்சு? ஊரே ஒதட்டக் கடிச்சுக்கிட்டு நிக்கிதுன்னா அவருக்கு எப்படி இருக்கும்! அம்புட்டையும் முழுங்கிட்டாரு. கண்ணுல தண்ணி வந்துருச்சு, ஆனா முழுங்கிட்டாரு.

“பிள்ள நல்லாருக்கு”ன்னாரு.

இருளாயிக்கு நம்பவே முடியல. நம்ம அப்பாவா இதுன்னு பாக்குறா.

அப்புறம் அவ கூழ வாங்கி பிள்ளைக்கு ஊட்டுனா. பிள்ள குடிச்சுது. அவ குடிக்கல. கொஞ்ச நேரம் அப்பா பக்கத்துல நின்னா. “அடுத்த பஸ்ஸுக்குப் போயிருவேன்பா”ன்னா.

‘ஏன் ஆத்தா? ஒரு நாளு இருக்கக் கூடாதா?’ இதுதான் மூணாவது. இது அவரு வாய்க்கே வந்துருச்சு. துண்ட எடுத்து வாயில வச்சுக்கிட்டாரு. அதையும் முழுங்கிட்டாரு. ஊர்ல பாதிப் பேரு கண்ணத் தொடைச்சாங்க.

அத்தை, அப்போ அவ போயிட்டாளா?

இரு. சொல்றேன்ல.

அப்போ அந்தச் சின்னப் பிள்ள மெதுவா முன்னாடி வந்துச்சு. அண்ணாந்து கூரிச்சாமியப் பாத்துச்சு. வழியெல்லாம் அம்மாக்காரி படிச்சுப் படிச்சுச் சொல்லித்தான் கூட்டியாந்திருக்கா, அங்க எதுவும் கேக்கக் கூடாதுன்னு. பிள்ளைக்கு அதெல்லாம் ஞாபகம் இருக்குமா? கணீர்னு கேட்டுருச்சு.

“நீங்கதான் எங்க தாத்தாவா?”

போச்சு! ஊரே பழக்க தோசத்துல கையத் தட்டிக்கிட்டு, “வெயிலுக்கு! வெயி...”ன்னு ஆரம்பிச்சு, பாதியிலேயே நிறுத்திருச்சு. பிள்ள மெரண்டு போயி வீல்னு அழுதுச்சு. சாத்தையாப் பெரியவரு கரண்டியோட நிக்கிறாரு. “சின்னஞ்சிறுசுதான்... ஆனா கேட்டது கேட்டதுதான் தாயி. மரத்துக் கட்ட நான் மாத்த முடியாது”ன்னு தரையப் பாத்துக்கிட்டே சொன்னாரு.

இருளாயி பிள்ள கையப் பிடிச்சா. வெயிலப் பாத்து நடந்தா.

கூரிச்சாமிக்கு அப்போதான் ஒண்ணு புரிஞ்சுது. நெழல விட்டுப் போயிட்டா இந்தக் கட்டு இல்ல. வெளிய போனா அப்பா கேப்பாரு, எல்லாத்தையும் கேப்பாருன்னு அவ பயப்படுறா. நேரா ரோட்டுக்குத்தான் போறா. பஸ்ஸு வந்தா ஏறிருவா. ஏறிட்டா இனி வர மாட்டா. இவரு மட்டும் ஒரு தப்பும் பண்ணாம, ஒரு கேள்வியும் கேக்காம, ஊரே மெச்ச, நெழல்ல நிப்பாரு. நின்னு என்னத்துக்கு?

நெழலு விளிம்புல அவ ஒரு கால எடுத்து வெளிய வச்சா.

அப்போ கூரிச்சாமி, மரமே அதிருற மாதிரி, ஊரே கேக்குற மாதிரி, ஒரு கேள்வி கேட்டாரு.

“ஆத்தா, நீ சாப்டியா?”

ஒருத்தரும் கையத் தட்டல. சாத்தையாப் பெரியவருதான் ரொம்ப மெதுவா, ஏதோ ஆசீர்வாதம் பண்ற மாதிரி, “வெயிலுக்குப் போப்பா”ன்னாரு.

கூரிச்சாமி சந்தோசமா நெழல விட்டு எறங்குனாரு. கொதிக்கிற மண்ணுல நடந்து மக பக்கத்துல போயி நின்னாரு. இப்போ வெயில்ல மூணு பேரு.

“இல்லப்பா”ன்னா இருளாயி. “காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடல. பசிக்குதுப்பா.”

எத்தனையோ வருசத்துல அவரு கேட்ட கேள்விக்கு அவ சொன்ன மொத பதிலு அது.

சொல்லிட்டுத் தலையக் குனிஞ்சுக்கிட்டு நின்னா. அடுத்தது வரும்னு நிக்கிறா. வெளிய வந்தாச்சு, இப்போ என்ன வேணும்னாலும் கேக்கலாம், யாரும் தடுக்க முடியாது. கைய, பிள்ளைய, ஓடிப்போன வருசங்களையெல்லாம் கேக்கலாம்.

அவரு துண்ட எடுத்து பிள்ள தலையில போட்டாரு, வெயிலு படாம. தூக்கி இடுப்புல வச்சுக்கிட்டாரு. “ஆமா கண்ணு, நான்தான் தாத்தா”ன்னாரு. அப்புறம் ரோட்டுப் பக்கம் திரும்பல. வீட்டுப் பக்கம் நடந்தாரு.

இருளாயி கொஞ்ச நேரம் அங்கேயே நின்னா. ரோட்டுல பஸ்ஸு வந்து ஹாரன் அடிச்சுச்சு, பாம் பாம்னு. அவ பஸ்ஸப் பாத்தா, அப்பா முதுகப் பாத்தா. அப்புறம் தடதடன்னு ஓடி அப்பா கூட சேந்துக்கிட்டா.

கொஞ்ச தூரம் போன பெறகு அவளாவே வாயத் தெறந்தா.

“அப்பா, இவ காரம் திங்க மாட்டாப்பா.”

“சரி ஆத்தா.”

“ராத்திரி வெளக்கு எரிஞ்சாத்தான் தூங்குவா.”

“எரியட்டும் ஆத்தா.”

அப்புறம் ஒண்ணு ஒண்ணா சொன்னா. உப்பளத்துக் கரை நெடுக, அழுதுக்கிட்டே சொன்னா, சிரிச்சுக்கிட்டே சொன்னா. அன்னைக்கு டவுனுக்கு ஏன் போனான்னும் சொன்னா. அவரு ஒண்ணே ஒண்ணுதான் செஞ்சாரு. நீ கொட்டுறியே, அதே மாதிரி ‘ம்’ கொட்டிக்கிட்டே நடந்தாரு.

ம்... அத்தை.

என்ன, இன்னும் முழிச்சிருக்கியா?

அந்தப் பாப்பாவோட அப்பா யாரு?

அவரே கேக்கல. உனக்கென்னடா?

ம்...

அவங்க வீடு போயி சேந்து, சோறு பொங்கி, சாப்பிட்டுப் படுத்தாச்சு. கதையும் கூடவே படுத்துருச்சு. இனி நீயும் கேக்காத, நானும் சொல்லல. கண்ண மூடு.